தேர்த்துணித் தையலுக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் வீதி வலம் வரும்போது எல்லோர் கண்ணும் உற்சவரான நம்பெருமாள் மேல்தான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாளின் மாலையைச் சூடி அவர் எழுந்தருளியிருக்கும் நாள் அது. வடத்தைத் தொட்டுக் கும்பிட்ட பிறகு, தேரை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பக்கவாட்டில் உருளை உருளையாய்த் துணிகள் தொங்கும். தேர் அசைந்தால் அவையும் ஆடும். அவற்றுக்குத் தொம்பை என்று பெயர். மேலே சுற்றிக் கட்டியிருப்பவை தேர்ச்சீலைகள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக, வீதிக் கோடியில் நிற்பவருக்கும் பளிச்சென்று தெரியும்.

இவை பெரும்பாலும் துணிமேல் துணி வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி வேலை. தஞ்சை வட்டாரத்தில் பேர்போன கைத்தொழில் இது. முதலில் கெட்டியான அடித்துணியை விரித்துக்கொள்வார்கள். யாளி, மயில், அன்னம், தாமரை என்று வேறு நிறத் துணிகளில் உருவங்களை வெட்டி எடுப்பார்கள். பெருமாள் கோயில் என்றால் சங்கும் சக்கரமும் திருமண்ணும் சேரும். வெட்டிய உருவத்தை அடித்துணியில் பொருத்தித் தைத்து, அதன் விளிம்பு நெடுக ஒரு கயிற்றை வைத்துத் தைப்பார்கள். அந்தக் கயிற்றில்தான் சூட்சுமம் இருக்கிறது. துணியின் ஓரம் பிரியாமல் அது காக்கும். உருவத்தையும் தூரத்துக்கு எடுத்துக்காட்டும். மயிலின் கண், தாமரையின் நடு இதழ் போன்றவை சின்னத் துண்டுகளாக அதன்மேல் ஏறும். பொடிப்பொடியான நூல் வேலை இங்கே எடுபடாது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. வெயிலும் காற்றும் அதை விட்டுவைக்கப் போவதுமில்லை.

இன்று திருச்சியில் தையல் கலை என்றதும் நினைவுக்கு வருவது ஆரி என்னும் கொக்கி ஊசித் தையல்தான். தில்லைநகர், உறையூர், ஸ்ரீரங்கம் என்று எங்கு போனாலும் ஆரி வகுப்புப் பலகையைப் பார்க்கலாம். கல்யாண பிளவுஸுக்கு இருக்கும் மவுசு அப்படி. துளையிட்ட ட்ரேசிங் தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் டிசைன் புள்ளி புள்ளியாக இறங்கும். பிறகு துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். கீழே இடக்கை நூலைக் கொக்கி ஊசியில் மாட்டிவிட, மேலே வலக்கை ஊசியை லேசாகத் திருகி இழுக்கும். திருகல் பிசகினால் கொக்கி துணியிலேயே மாட்டிக்கொள்ளும். முடிவில் முடிச்சுப் போட மறந்தால் சங்கிலித் தையல் மொத்தமும் சரசரவென்று பிரிந்துவிடும். செருப்புத் தைப்பவரின் குத்தூசியிலிருந்து வந்த ஊசி இது. கட்ச் பகுதியின் மோச்சி கைவினைஞர்கள் இதில் பெயர் பெற்றவர்கள். இதே கொக்கித் தையல் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் பெரிய நாகரிகமாக இருந்தது. ஆரியைக் கற்ற பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார்கள். அதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

ஆனால் தையல் பழக வரும் பிள்ளைக்கு முதல் பாடம் எது என்று கேட்டால், தொம்பை என்பேன். சட்டம் வேண்டாம், விலையுயர்ந்த மணியும் கல்லும் வேண்டாம். தையல்கடையில் கழித்துப்போடும் துண்டுத்துணி, கத்தரி, சாதாரண ஊசி, நூல், கொஞ்சம் கயிறு போதும். காகிதத்தை இரண்டாக மடித்து அரைத் தாமரையை வெட்டினால், விரிக்கும்போது முழுத் தாமரை. அதைத் துணியில் வைத்து வெட்டி, ஓரத்தை மடித்து அடித்துணியில் தைக்க வேண்டும். அந்த அடித்துணியை உருளையாக மூட்டி, மேலும் கீழும் ஒரு பழைய வளையலைக் கோத்துவிட்டால் பூஜையறை வாசலுக்குக் குட்டித் தொம்பை தயார். கோணல்மாணலான தையலைக்கூட விளிம்பில் வைத்துத் தைக்கும் கயிறு மறைத்துவிடும். பத்து வயதுக் குழந்தை முடித்துப் பார்த்துப் பூரிக்கக்கூடிய வேலை இது.

துணி வேலை திருச்சிக்குப் புதிதல்ல. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நடத்திய அகழாய்வில் பழங்காலச் சாயத்தொட்டி கிடைத்தது. முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்த, இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள கோடாலிகருப்பூரின் பெயரைத் தாங்கும் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தொம்பையையும் விதானத்தையும் தைக்காமல் தீட்டியே உருவாக்கும் மரபு அது.

ஒடிசாவைப் பாருங்கள். பூரி ஜகந்நாதர் தேர்களுக்கு ஒட்டுத்துணி வேலை செய்த பிப்லி ஊர்க்காரர்கள், அதே தையலில் விளக்குக்கூடு, குடை, பை, சுவர்த்தொங்கல் என்று செய்து சாலையோரக் கடைகளில் தொங்கவிட்டார்கள். கோயில் சேவையும் நிற்கவில்லை, பிழைப்பும் பெருகியது. ஆண்டுக்கு மூன்று தேர் ஓடும் ஸ்ரீரங்கத்தில் இது ஏன் நடக்கக் கூடாது?

ஆரி சொல்லித்தரும் ஆசிரியைகள் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கலாம். பள்ளிகள் தேர்ச்சீலை தைக்கும் கைவினைஞரைக் கைவேலை வகுப்புக்கு அழைக்கலாம். அழைத்தால் உரிய சம்பளமும் கொடுக்க வேண்டும். தைத்தேருக்கும் சித்திரைத் தேருக்கும் நடுவே மூன்று மாதம் இருக்கிறது. ஒரு பிள்ளை ஒரு தொம்பை தைத்துப் பழக அது தாராளம்.