வானம் ஏமாற்றும்: அகலக் கோணப் படத்தில் ஒளியளவு



வரலாற்று இடுபணிக்காகப் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தைப் படமெடுக்கப் போகிறீர்கள். 1904இல் எழுந்த கட்டடம். முன்னால் துன் சம்பந்தன் சாலை. ரொம்பப் பின்னால் போக முடியாது. அதனால் மிக அகலக் கோண லென்ஸ் போடுகிறோம். கட்டடம் முழுசா அடங்கிவிடும். ஆனால் முகப்பு கறுத்துப் போயிருக்கும். ஏன்?

முழுச்சட்டகக் கேமராவில் 14 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 114 பாகை பார்க்கும். படத்தில் பாதி வானமாகிவிடும். கேமரா மொத்த ஒளியையும் சராசரி சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானம் பளிச்சென்று இருப்பதால் ஒளியைக் குறைத்துவிடும். அடி வாங்குவது கட்டடம்தான்.

என்ன செய்யலாம்?

1. கேமராவைக் கீழே சாய்த்து, வானம் விழாமல் முகப்பை மட்டும் வைத்து ஒளியை அளந்து பூட்டுங்கள். பிறகு நிமிர்த்தி எடுங்கள். கைப்பேசி என்றால், திரையில் சுவரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும்.

2. ஒளி ஈடுசெய்தலை 0, +1, +2 என்று மாற்றி மூன்று படம் எடுங்கள். +1 என்றால் இரண்டு மடங்கு ஒளி.

3. போலரைசர் வடிகட்டி வேண்டாம். இவ்வளவு அகலத்தில் நீல வானம் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் தெரியும்.

4. முடிந்தால் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் எடுங்கள். வானத்துக்கும் விளக்கொளிக்கும் வேறுபாடு அப்போது குறைவு.

வானம் கொஞ்சம் வெளுத்தால் பரவாயில்லை. உங்கள் இடுபணிக்குச் சான்று கட்டடம்தான், மேகமல்ல.