நமக்கென்று ஓர் இசை எழுதுவிப்போமா?



மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்கே இறங்கித் தாராவிக்குள் நடக்கிற தமிழ் விசுவாசிகளில் அநேகர் திருநெல்வேலிச் சீமைக் குடும்பத்தார். ஊரில் பேண்டு செட் முழங்கக் கேட்டு வளர்ந்தவர்கள். உங்கள் சபையிலும் டிரம்பெட்டோ கிளாரினெட்டோ கற்ற வாலிபர்கள் இருக்கலாம். கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசித்துக் கூலி பெறுகிற அவர்கள், ஞாயிறு ஆராதனையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கத்தக்கதாக நம்மிடம் எழுதப்பட்ட இசை ஒன்றும் இல்லை.

வாத்தியத்தோடு சுவிசேஷம் சொல்லுவது இப்பட்டணத்துக்குப் புதிதல்ல. 1882 செப்டம்பரில் பிரெடரிக் டக்கரும் கூட்டாளிகளும் பம்பாயில் இறங்கி இரட்சணிய சேனையின் ஊழியத்தைத் தொடங்கினார்கள். வீதி ஊர்வலத்தினிமித்தம் கைதானார்கள், சிறைக்கும் போனார்கள். நாகர்கோவில் பக்கத்தார் சேனையை நன்கு அறிவார்கள்.

அதன் முதல் பேண்டு 1878-இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில், சார்லஸ் பிரை என்ற கட்டிடத் தொழிலாளியும் அவர் குமாரர் மூவரும் நான்கு பித்தளைக் கருவிகளோடு ஆரம்பித்தது. சேனை அச்சிட்ட இசையையே வாசிக்கவேண்டுமென்ற ஒழுங்கு பிற்பாடு வெகுகாலம் இருந்தது. ஆகவே புதிது புதிதாய் எழுதுவித்தே தீரவேண்டியதாயிற்று. 1955-இல் லண்டனிலுள்ள சேனையின் தலைமைப் பேண்டுக்காக ரால்ப் வாகன் வில்லியம்ஸ் ஓர் இசை எழுதினார். அப்பொழுது அவருக்கு 80 வயது கடந்திருந்தது. அவர் தம்மை விசுவாசி என்று சொல்லிக்கொண்டவரல்ல. இது நம்மில் சிலருக்கு இடறலாயிருக்கலாம். எனக்கோ, அவர் எடுத்துக்கொண்ட பொருளே பெரிதாய்த் தோன்றுகிறது: வேல்ஸ் தேசத்துச் சபையார் பாடிவந்த மூன்று ஞானப்பாட்டு மெட்டுகள். சபை அறிந்த மெட்டையே அவர் பேண்டுக்கு விரித்தெழுதினார்.

நாமும் அங்கேதான் தொடங்கவேண்டும். நம் முன்னோர் பாடிய பழைய கீர்த்தனை ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்பு இசை அமைப்பாளரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: எத்தனை கருவிகள், யார் எவ்வளவு கற்றவர், வாசிப்பது தகரக் கூரையின் கீழா, திறந்த வெளியிலா, எத்தனை நிமிஷம். இல்லாத கருவிக்கு எழுதிய இசை அலமாரியில்தான் கிடக்கும். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் பி-பிளாட் கருவிகள். கீபோர்டுத் தாளை அப்படியே கொடுத்தால் ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிக்கும். ஆல்டோ சாக்ஸபோனின் கணக்கு இன்னும் வேறு. எனவே ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் எழுதித் தரும்படி முதலிலேயே கேளுங்கள்.

கூலியையும் பேசிவிடுங்கள். "ஊழியத்துக்குத்தானே" என்று சொல்லி இலவசமாய் வாங்கும் பழக்கம் நம்மிடத்தில் உண்டு. வெட்கத்தோடே இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரியம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்த சபைக்கல்ல, எழுதினவருக்கே இசையின் உரிமை சேரும். அவர் மரித்து 60 வருஷம் வரைக்கும் அது நிற்கும். உரிமையை மாற்றித் தருவதானால் அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். காலம் குறிக்காவிட்டால் அது 5 வருஷத்துக்கு மாத்திரமே செல்லும். ஆராதனையில் வாசிக்கச் சட்டம் தடை செய்யவில்லை. ஒலிப்பதிவு செய்து விற்பதும் யூடியூபில் ஏற்றுவதும் வேறு. அவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு வேண்டுமானால் கிறிஸ்துமஸுக்கு முன்னமே கேட்டுவிடுங்கள். வேலைக்குப் போகிற வாலிபர்கள் ஒத்திகைக்குக் கூடுவது சனிக்கிழமை இரவில் மாத்திரந்தானே.