ஆலை கைமாறும்போது நீட்டப்படும் தாள்

நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2013 செப்டம்பரில். அப்போது ஸ்ரீபெரும்புதூர் ஆலை நோக்கியாவின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று. 2006இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில், உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், அவர்களில் பெண்கள் ஏராளம். 2014 ஏப்ரல் 25இல் விற்பனை முடிந்தபோது இந்த ஆலை அதில் சேரவில்லை. வருமான வரித் துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டுச் சொத்துகளை முடக்கியிருந்தது. 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் ஆலையை மாற்றலாம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றமும் தளர்த்தவில்லை. ஆலை நோக்கியாவிடமே தங்கி, மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்து கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள, நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. ஆனால் பெரும்பாலான வேலைகள் போனது நவம்பரில் அல்ல. அதற்குப் பல மாதங்கள் முன்பே ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்திட்டு வெளியேறிவிட்டார்கள். நிறுவனம் கைமாறும் காலத்தில் தொழிலாளி கவனிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

ஏனென்றால், சட்டம் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் ஆட்குறைப்பைச் சுற்றிக் கட்டப்பட்டது. அன்று நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை நிறுத்த ஒரு மாத அறிவிப்பும், சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் அறிவிப்பு மூன்று மாதம், அரசின் முன் அனுமதியும் வேண்டும். தொழில் வேறொருவருக்கு மாறினாலும் இழப்பீடு உண்டு. பழைய சேவைக்காலம் அறுபடாமல், ஊதியமும் நிபந்தனைகளும் குறையாமல், பழைய ஆண்டுகளுக்கான பொறுப்பையும் புதிய முதலாளி ஏற்றுக்கொண்டால்தான் அந்த இழப்பீடு தேவையில்லை. ஆனால் தானாக விரும்பி ஓய்வு பெறுவதை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்தே சட்டம் விலக்கிவிடுகிறது. ஒரு கையெழுத்தில் முன் அனுமதி, அதே ஆலை மீண்டும் ஆள் எடுத்தால் கிடைக்கும் முன்னுரிமை, வழக்குத் தொடுக்கும் வலு எல்லாம் கரைகின்றன. கொடுக்கப்படும் தொகை சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாக இருக்கலாம். பல நேரங்களில் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கூடுதல் தொகை, விட்டுக்கொடுக்கும் உரிமைகளுக்கான விலை. விலை தெரிந்து விற்பது வேறு, தெரியாமல் விற்பது வேறு.

வரித் தகராறு இல்லாமலிருந்தால் ஆலை தப்பியிருக்கும், பழி அரசின் மீதுதான் என்று அன்று பரவலாகப் பேசப்பட்டது. ஆலை விற்பனையில் சேராமல் போனதற்கு அது சரியான காரணம். வேலைகள் போனதற்கு அது போதாது. எந்த இந்திய வரியும் தொடாத ஹங்கேரியின் கொமாரோம் ஆலை மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயும் மூடப்பட்டது. 2014 ஜூலையில் அந்நிறுவனம் அறிவித்த 18,000 ஆட்குறைப்புகளில் ஏறத்தாழ 12,500 நோக்கியாவிலிருந்து வந்தவர்களுடையவை. அடுத்த ஆண்டு 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதி, மேலும் 7,800 பேரை நீக்கியது. ஃபின்லாந்தின் சலோ நகரும் அதில் அடிபட்டது. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியிலிருந்து மறுபயிற்சிக்குப் பணம் வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. நோக்கியாவுக்கு உதிரிபாகம் செய்த ஃபாக்ஸ்கான் ஆலையும் 2014 டிசம்பரிலேயே நின்றது.

கடுமையான சட்டம் முதலீட்டை விரட்டும் என்பது இன்னொரு வாதம். சட்டம் ஆலை மூடுவதை அறவே தடைசெய்யவில்லை. பெரிய ஆலைகளுக்கு முன் அனுமதியையும், அவகாசத்தையும் இழப்பீட்டையும்தான் கேட்கிறது. சந்தை மாறிவிட்ட கைப்பேசிக்கு உயிர் கொடுக்க யாராலும் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிச்சலுகையும் நிலமும் பொதுப்பணத்திலிருந்து போகும்போது, மூடும் செலவில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்பது நியாயம்தான். இத்தகைய சலுகை பெறும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் தொழிலாளர் சட்டம் செல்லாது என்ற நம்பிக்கையும் தவறு. மண்டலங்களுக்காக மத்தியச் சட்டங்களைத் தளர்த்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் தொழிற்சங்கம், தொழில் தகராறு, வருங்கால வைப்பு நிதி, மகப்பேறு நலன் உள்ளிட்ட தொழிலாளர் விஷயங்களை அந்த அதிகாரத்திலிருந்து வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது.

இன்று நிலைமை தொழிலாளிக்கு இன்னும் இறுக்கம். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, முன் அனுமதிக்கான வரம்பை 100இலிருந்து 300 பேராக உயர்த்திவிட்டது. அந்த அனுமதியும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கே. மென்பொருள் அலுவலகத்துக்கு இல்லை. ஒரு புது உதவியும் உண்டு: ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டும். ஆட்குறைப்பு என்று எழுதப்பட்டால்தான் அதுவும் கிடைக்கும்.

ஆகவே நிறுவனம் கைமாறும் செய்தி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, விற்கப்படுவது பங்குகளா, தொழிலா என்பது. பங்குகள் மட்டும் கைமாறினால் சட்டத்தின் கண்ணில் முதலாளி மாறவில்லை, பழைய சேவை அப்படியே தொடர்கிறது. தொழில் மாறுகிறதென்றால், சேவைத் தொடர்ச்சியை எழுத்தில் கேட்க வேண்டும். விருப்ப ஓய்வுத் தாள் நீட்டப்பட்டால் அதன் நகலை வாங்கி, பணிக்கொடை, விடுப்புப் பணம், அறிவிப்புக் கால ஊதியம் எல்லாம் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா, அல்லது ஒரே தொகையில் புதைக்கப்பட்டுள்ளனவா என்று சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டிப் பார்க்கலாம். ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை எப்படியும் சேர வேண்டியது, அது சலுகை அல்ல. மிரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்டிருந்தால் உடனே எழுத்தில் எதிர்ப்பைப் பதிவுசெய்து, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். பணிநீக்கத் தகராறானால், மனு கொடுத்து 45 நாள் கழிந்ததும் தீர்வுக்குக் காத்திராமல் தொழிலாளியே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.