ஸ்னூக்கர் மேசைக்குப் பிள்ளைகள் வர

ஸ்னூக்கர் பழக வரும் பிள்ளைக்கு முதல் சோதனை மேசையின் அளவுதான். 12 அடி நீளம், 6 அடி அகலம், மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் ஊன்றியிருக்க வேண்டும். எட்டாத பந்தை எம்பி அடித்தால் ஃபவுல். குள்ளமான பிள்ளைகளுக்கு 'ரெஸ்ட்' என்னும் தாங்குகோல்தான் துணை. பூல் மேசை 9 அடிதான், பந்தும் பெரியது. ஆகவே, தொடக்கத்துக்கு அது எளிது. ஸ்னூக்கரிலேயே 15 சிவப்புப் பந்துகளுக்குப் பதில் ஆறை மட்டும் வைத்து ஆடும் 'சிக்ஸ் ரெட்' ஆட்டமும் சீக்கிரம் முடிந்துவிடும்.

குழியில் பந்து விழுவதைப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை. பயிற்றுநரோ மேசையில் வெள்ளைப் பந்தை மட்டும் விட்டுவைப்பார். பழுப்புப் பந்துக்குரிய புள்ளியிலிருந்து நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளின் மேலாக அதை நேரே அடிக்க வேண்டும். எதிர்க் குஷனில் மோதி, போன வழியே திரும்பி வந்து, 'கியூ' என்னும் அடிகோலின் நுனியைத் தொட வேண்டும். நடுவிலிருந்து மயிரிழை விலகி அடித்தாலும் பந்து திசைமாறிவிடும். அலுப்பான வேலைதான். ஆனால், கை நேராக வராதவருக்கு மற்ற வித்தைகள் எதுவும் உதவாது.

இந்த ஆட்டத்தின் விதிகள் உருப்பெற்ற இடங்களில் ஊட்டி கிளப்பும் ஒன்று. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் உலகச் சாம்பியனும் இதே மேசையில் ஆடும் பில்லியர்ட்ஸின் வீரர்தான்: 1958இல் கல்கத்தாவில் வென்ற வில்சன் ஜோன்ஸ். இருந்தும் பெற்றோர் தயங்குகிறார்கள். தயக்கம் ஆட்டத்தின் மீதல்ல, அது நடக்கும் இடத்தின் மீது. சிகரெட் புகை, பந்தயம் என்று ஸ்னூக்கர் பார்லர்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் முழுக்கப் பொய்யுமல்ல. நல்ல மேசையுள்ள கிளப்புகளில் பெரும்பாலும் உறுப்பினர் குடும்பங்களுக்கே இடம். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அன்றாடம் பழகுவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

அண்ணன் பின்னால் பார்லருக்குப் போன பெங்களூரு பங்கஜ் அத்வானிக்குக் கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கத்தின் மேசைகளும் அரவிந்த் சாவூரின் பயிற்சியும் வாய்த்தன. 2003இல், 18 வயதிலேயே உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டம் அவர் கைக்கு வந்தது. பின்னர் ஓ.என்.ஜி.சி.யில் வேலையும் கிடைத்தது. பெற்றோரை இளக்குவதில் கோப்பையைவிட வேலைக்கே வலு அதிகம். 2025இல் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்றார்.

போட்டிக்கு வழி இருக்கிறது. தேசிய அளவில் சப்-ஜூனியர், ஜூனியர் பிரிவுகளும் அதற்கு மேல் 21 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியும் நடக்கின்றன. முதல் படியாக, மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது புகையில்லாத, பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்கிய மேசை வேண்டும். கோடை விடுமுறைப் பயிற்சி முகாமை அங்கிருந்தே தொடங்கலாம்.