ஊனுண்ணும் தொல்விலங்குகள்

நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் மண் வெறும் புழுதியன்று. அஃது ஒரு வரலாற்று நூல். காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திற்கு அணித்தாக, முருகன் கோயிலால் பெயர்பெற்ற வல்லக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. இன்று அவ்வட்டாரமெங்கும் மோட்டார் வண்டிகளும் பொறிகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவ்வட்டாரத்து நிலத்தின் அடியில், களிமண் இறுகி உண்டான பாறைகள் உள்ளன. திருப்பெரும்புதூர்ப் படிவுகள் என நிலநூலார் வழங்கும் அப்பாறைகளின் ஏடுகளைப் பிரித்தால், பண்டைச் செடிகளின் இலை அச்சுகள் வெளிப்படும். அவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

அவ்விலைகள் பசுமையாய்த் தழைத்த காலத்தில் மனிதன் தோன்றவில்லை. யானையும் புலியும் தோன்றவில்லை. நிலத்தை ஆண்டவை டைனோசார்கள். ‘அச்சந்தரும் பல்லி’ எனப் பொருள்படும் இப்பெயரை 1842ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர் வழங்கினார். அவற்றுள் இலைதழை தின்றனவும் உண்டு. ஊன் தின்றனவும் உண்டு.

ஒரு விலங்கு கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எதனைத் தின்றது என்பதை நாம் எவ்வாறு அறிவது? பல்லே முதற்சான்று. ஊனுண்ணிகளின் பற்கள் பெரும்பாலும் பக்கங்களில் தட்டையாகவும், பின்னோக்கி வளைந்தும், கத்தியைப்போல் கூர்மையாகவும் இருந்தன. அவற்றின் விளிம்பில் அரத்தின் பல்லையொத்த நுண்ணிய வெட்டுகள் காணப்பட்டன. ஒரு பல் விழுந்தால், அவ்விடத்தில் வேறொரு பல் முளைத்தது. எலும்பு இரண்டாம் சான்று. ஊனுண்ணிகள் இரண்டு கால்களால் நடந்தன; நீண்ட வால், முன்னுடலின் பாரத்தைச் சமன்செய்தது. கால் எலும்புகள் உட்குடைவாக இருந்தன. தழை தின்ற பேருருவங்களின் கால் எலும்புகளோ தூண்களைப்போல் தடித்திருந்தன.

பெரிய ஊனுண்ணி என்றவுடன் பலர் நினைவிற்கு வருவது டைரனோசாரஸ். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுடைய அவ்விலங்கு வாழ்ந்தது வட அமெரிக்காவில். நம் நாட்டில் அதற்கு இடமில்லை. நம் நாட்டிற்கு உரிய ஊனுண்ணி வேறு. குஜராத் மாநிலத்தில், பாலாசினோர் நகருக்கு அருகிலுள்ள ரஹியோலி என்னும் சிற்றூரில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த சுரேஷ் சீவாஸ்தவா 1982ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து பல எலும்புகளைத் திரட்டினார். அவ்வெலும்புகளை இந்திய அறிஞரும் அமெரிக்க அறிஞரும் ஒருங்கே ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் அவ்விலங்கிற்கு ‘இராஜசாரஸ் நர்மதென்சிஸ்’ எனப் பெயரிட்டனர். ‘நருமதைப் பகுதியின் அரசப்பல்லி’ என்பது இதன் பொருள்.

அதன் தலை குட்டையாகவும் உயர்ந்தும் இருந்தது. நெற்றியின்மேல் தாழ்ந்து உருண்ட கொம்பு ஒன்று மணிமுடிபோல் விளங்கியது. கால்கள் தடித்து வலிமை மிக்கிருந்தன. இதன் இனத்தைச் சேர்ந்த பிற விலங்குகளின் முன்னங்கைகள் பயனற்றவை என்று எண்ணுமளவிற்குச் சிறுத்திருந்தன. எனவே, இரையைப் பற்றுவதும் கிழிப்பதும் வாயின் தொழிலாயின. இதன் நீளம் 9 மீட்டர் வரை இருக்கலாம் என முதலில் மதிப்பிட்டனர். பின்னர் வந்தோர் 6.6 மீட்டர் எனக் குறைத்தனர். சான்று மிகுந்தோறும் கணக்கும் திருத்தம் பெறும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இராஜசாரஸின் நெருங்கிய உறவினம் மடகாஸ்கர் தீவில் வாழ்ந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒரே நிலமாய் இணைந்திருந்தமையால் இவ்வுறவு உண்டாயிற்று. மஜுங்கசாரஸ் என்னும் அவ்விலங்கின் எலும்புகள் சிலவற்றில் பற்களின் வடுக்கள் காணப்பட்டன. அவ்வடுக்களின் இடைவெளியையும் வரிகளையும் அளந்து பார்த்தபோது, அவை அவ்வினத்தின் பற்களுக்கே பொருந்தின. தன் இனத்தையே அது தின்றது! கொன்று தின்றதோ, இறந்துகிடந்ததைத் தின்றதோ, அதனை அவ்வடுக்கள் சொல்லவில்லை. சான்று எவ்வளவு கூறுகிறதோ அவ்வளவே கூறுவதுதான் அறிவியலின் அறம்.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். அரியலூர்ப் பகுதியை ஒருகாலத்தில் கடல் மூடியிருந்தது; அதனாலேயே அங்குச் சங்கு சிப்பிகளின் கற்படிவங்களும் சுண்ணாம்புக் கல்லும் மிகுதியாய்க் கிடைக்கின்றன. கடல் பின்வாங்கியபின், ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொணர்ந்து பரப்பின. அவ்வாறு உண்டான கல்லமேட்டுப் படிவுகளில், பேருருவம் படைத்த ஒரு விலங்கின் எலும்புகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் இருந்தது! நிலவியலாளர் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அதற்குப் ‘புருகத்காயோசாரஸ்’ எனப் பெயர் சூட்டினர்; ‘பேருடற் பல்லி’ என்பது பொருள். அஃதோர் ஊனுண்ணி என்றே அவர்கள் முதலில் கருதினர். அது தழையுண்ணும் நெடுங்கழுத்து விலங்கே எனப் பிற்கால அறிஞர் முடிவு செய்தனர். உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக அஃது இருக்கலாம் என்பாரும் உளர்.

ஆயினும், இவ்வழக்கை இன்று எலும்பைக் கொண்டு தீர்க்க இயலாது. மெலிந்து நொறுங்கும் நிலையிலிருந்த அவ்வெலும்புகள், மழைநீராலும் களிமண்ணின் இயல்பாலும் சிதைந்து மறைந்தன. படங்களும் எழுத்துக்குறிப்புகளுமே எஞ்சின. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண் காத்த பொருளை, வெளியில் எடுத்தபின் நம்மால் சில ஆண்டுகள் காக்க இயலாமற் போயிற்று. இஃது எத்துணைப் பெரிய இழப்பு!

எனினும் கல்லமேடு வறிதாகிவிடவில்லை. ட்ரூடான் இனத்தைச் சேர்ந்த சிற்றுடல் டைனோசார் ஒன்றின் பல்லை அங்குக் கண்டெடுத்து, 2013ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். அவ்வினம் இந்தியாவிலும் வாழ்ந்தது என்பதை அச்சிறு பல் உலகிற்கு அறிவித்தது. பேரெலும்பு இழந்த புகழை ஒரு சிறு பல் மீட்டுத் தந்தது எனலாம்.

இத்துணை வலிமை பெற்ற விலங்குகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தொழிந்தன. இன்றைய மெக்சிகோ நாட்டுப் பகுதியில் விண்கல் ஒன்று மோதியதும், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிப் பரந்ததும் அக்காலத்து நிகழ்ச்சிகள். புழுதியும் புகையும் கதிரவனை மறைக்கவே செடிகள் வாடின. செடிகளைத் தின்றவை மாய்ந்தன. அவற்றைத் தின்ற ஊனுண்ணிகளும் இரையின்றி மடிந்தன. ஆயினும் அவற்றின் வழி முற்றும் அறவில்லை. ஊனுண்ணி டைனோசார்களின் ஒரு கிளையே பறவைகளாயிற்று. நம் கூரைமேல் அமர்ந்து கரையும் காக்கையும் அப்பழங்குடியின் வழித்தோன்றலே.

மாணவர்களே! உங்கள் ஊரில் கிணறு வெட்டும்போதும், கடைகால் தோண்டும்போதும், கல் உடைக்கும்போதும் இலை, சிப்பி, எலும்பு ஆகியவற்றின் வடிவமுடைய கல் தென்படலாம். அதனை விளையாட்டாய் உடைத்தெறியாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஆசிரியரிடமோ அருங்காட்சியகத்தாரிடமோ தெரிவியுங்கள். இராஜசாரஸ் உலகப்புகழ் பெற்றது அதன் எலும்புகள் காக்கப்பட்டமையால்; கல்லமேட்டுப் பேருடற் பல்லி ஐயத்திற்கு உரியதாயிற்று அதன் எலும்புகள் காக்கப்படாமையால். மண்ணென்னும் நூலின் ஏடுகளைக் கிழியாமற் காப்பது அதனைப் படிக்க விரும்புவோரின் முதற்கடமையாகும்.