இளவட்டக்கல் முதல் 'ஸ்மார்ட்' ஜிம் வரை... பலம் கூடியிருக்கா? அளந்து பார்ப்பது எப்படி!

மதுரை:

"என்னப்பா, மூணு மாசமா தூக்குற... பலம் ஏறியிருக்கா?"

மதுரையில் உடற்பயிற்சி செய்யும் எந்த இளைஞரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கண்ணாடி முன் நின்று கையை மடக்கிக் காட்டுவதுதான் பெரும்பாலானோர் சொல்லும் பதில். ஆனால் கை பருத்திருப்பது வேறு, பலம் கூடியிருப்பது வேறு. முன்னதை இஞ்ச் டேப்பில் அளந்து விடலாம். பின்னதை எப்படி அளப்பது?

இதற்குத்தான் இப்போது 'ஸ்மார்ட்' உடற்பயிற்சிக் கருவிகள் வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன. எத்தனை கிலோ, எத்தனை முறை, எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டு செல்போனில் காட்டி விடுகின்றன. காசு இருப்பவர் வாங்குகிறார். இல்லாதவர் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது.

கல்லிலேயே கணக்கு வைத்தவர்கள்

பலத்தை அளப்பது தென் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. கிராமத்து மந்தையில் கிடக்கும் உருண்டையான இளவட்டக்கல்தான் அந்தக் காலத்து மீட்டர். 'கல்லைத் தூக்கினால்தான் பொண்ணு' என்று பெரியவர்கள் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கல்லில் ஒரு கணக்கு ஒளிந்திருப்பதுதான் பலருக்குத் தெரியாது. முதலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லைக் கட்டிப் பிடித்து மண்ணை விட்டுக் கிளப்ப வேண்டும். அடுத்து முழங்கால் வரை, பிறகு நெஞ்சு வரை, கடைசியில் தோளுக்கு ஏற்றிப் பின்பக்கம் போட வேண்டும். போன பொங்கலுக்கு முழங்காலோடு நின்றவன் இந்தப் பொங்கலுக்கு நெஞ்சுக்குக் கொண்டு வந்தால், பலம் ஏறியதை ஊரே பார்த்து விடும். கல்லின் எடை மாறுவதில்லை. மாறியது ஆள்தான்!

நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை பல எடைகளில் கற்கள் உண்டு. சின்னக் கல்லில் தேறியவர் அடுத்த கல்லுக்குப் போகலாம். இன்றைய ஜிம்மில் தட்டு மாற்றுவதும் இதே கதைதான்.

இதை மருத்துவ முறையாக்கியவர் அமெரிக்க டாக்டர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு, சரியாக 10 முறை தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, பலம் ஏற ஏற அந்த எடையையும் ஏற்றினார். 1945-ல் தன் முறையை வெளியிட்டார். அளந்து, குறித்து, கொஞ்சம் ஏற்று என்ற அந்தச் சூத்திரம் இன்று வரை மாறவில்லை.

ஸ்மார்ட் கருவி எப்படி வேலை செய்கிறது?

சாதாரண ஜிம் மெஷினில் இரும்புத் தட்டுகள் இருக்கும். சுவரில் மாட்டும் ஸ்மார்ட் மெஷினில் தட்டே கிடையாது. உள்ளே ஒரு மின் மோட்டார் கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுவைதான் 'எடை'. 2018-ல் விற்பனைக்கு வந்த அமெரிக்காவின் 'டோனல்' கருவி இந்த வகை. மின்காந்த முறையில் சுமார் 90 கிலோ வரை இழுவை கொடுக்கும்படி அது அமைக்கப்பட்டது.

மோட்டார் இழுப்பதால் இரண்டு விஷயம் கருவிக்குத் தெரிந்து விடுகிறது. ஒன்று, எவ்வளவு விசை. மற்றொன்று, கயிறு எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது. இரண்டையும் பெருக்கினால் 'பவர்'.

வேகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். போன மாதம் 30 கிலோவைத் திணறித் திணறி இழுத்தவர், இந்த மாதம் அதே 30 கிலோவைச் சட்டென்று இழுத்தால் அவர் பலம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடாவிட்டாலும் வேகம் காட்டிக் கொடுத்து விடும். வேகம் ஒரேயடியாகக் குறைந்தால் ஆள் களைத்து விட்டார் என்று புரிந்துகொண்டு, எடையைத் தானே குறைத்து விடும் கருவிகளும் உண்டு. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

நோட்டும் பேனாவும் போதும்

லட்சக்கணக்கில் செலவழிக்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கருவி போடும் கணக்கில் முக்கியமானதை 20 ரூபாய் நோட்டிலேயே போடலாம்.

ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடையே ஒருவரின் பலத்துக்கு அளவுகோல். ஆனால் அதை நேரடியாகச் சோதித்துப் பார்ப்பது புதியவர்களுக்கு ஆபத்து. முதுகு பிடித்துக்கொள்ளும். அதனால் குறைந்த எடையைப் பல முறை தூக்கிக் கணக்கிடுகிறார்கள்.

'எப்லி' சூத்திரம் இதுதான்: தூக்கிய முறையை 30-ஆல் வகுத்து, அதோடு 1-ஐக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 30 கிலோவை 10 முறை தூக்கினால் அதிகபட்ச பலம் சுமார் 40 கிலோ. இரண்டு மாதம் கழித்து 35 கிலோவை 8 முறை தூக்கினால் சுமார் 44 கிலோ. அதாவது பலம் ஏறத்தாழ 11 சதவீதம் கூடியிருக்கிறது!

10 முறைக்கு மேல் போனால் இந்தக் கணக்கு தடுமாறும். அப்போது சோதிக்கப்படுவது பலத்தை விட 'தம்'தான்.

அடுத்தது மொத்தச் சுமை. 20 கிலோவை 10 முறை வீதம் 3 சுற்று தூக்கினால் 600 கிலோ. இதை வாரா வாரம் எழுதி வைத்தால் போதும். முன்னேற்றமும் தெரியும், எந்த வாரம் ஏமாற்றினோம் என்பதும் தெரிந்து விடும்.

ஏமாற்றும் எண்கள்

ஸ்மார்ட் கருவி காட்டும் எண்ணெல்லாம் வேதவாக்கு அல்ல.

முதலாவது, கப்பிக் கணக்கு. நகரும் கப்பி வைத்த கேபிள் மெஷினில் 40 கிலோ என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது பாதியாக இருக்கலாம். எனவே ஒரு ஜிம்மில் இழுத்த எண்ணையும் வீட்டு மெஷினில் இழுத்த எண்ணையும் ஒப்பிடவே கூடாது. மோட்டார் கருவியில் 40 கிலோ இழுப்பவர் கம்பியில் 40 கிலோவை அதே மாதிரி தூக்குவார் என்றும் சொல்ல முடியாது. கம்பியை ஆடாமல் நிறுத்தவே தனிப் பலம் வேண்டும்.

இரண்டாவது, ஸ்மார்ட் எடை மெஷின். காலடியில் லேசான மின்சாரம் செலுத்தி தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும் இந்தக் கருவிகள், உடம்பில் உள்ள நீரை வைத்துத்தான் கணிக்கின்றன. சித்திரை வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஏறினால் ஒரு எண், ஒரு சொம்பு தண்ணீர் குடித்து விட்டு ஏறினால் வேறு எண். தினமும் காலையில் ஒரே நேரத்தில் வெறும் வயிற்றில் ஏறினால்தான் ஒப்பிடப் பயன்படும்.

மூன்றாவது, ஆரம்ப வேகம். முதல் 4 முதல் 8 வாரங்களில் எண் மளமளவென்று ஏறும். தசை வளர்ந்து விட்டது என்று நினைத்து விடக் கூடாது. நரம்பு மண்டலம் தசையை வேலை வாங்கப் பழகுவதே அதற்கு முக்கியக் காரணம். அதன்பின் ஏற்றம் மந்தமாகும். பலர் 'இது வேலைக்காகாது' என்று கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் தசை வளர்ச்சி கணக்கில் தெரியத் தொடங்குவதே இதற்குப் பிறகுதான்.

வேலூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்டில் தூக்கியது 317 கிலோ. 11 கிலோ குறைவு. ஆனாலும் தங்கம்தான்! சாம்பியனுக்கே எண் ஏறி இறங்கும்போது, ஒரு வாரம் 2 கிலோ குறைந்ததற்காக ஒருவர் மனம் உடைவதில் அர்த்தமில்லை.

கைப்பிடி சொல்லும் ஆயுள் ரகசியம்

அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் திமிலைப் பிடித்துத் தொங்கும் மாடுபிடி வீரருக்குக் கைப்பிடிதான் எல்லாம். அந்தக் கைப்பிடி வீட்டில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கும் முக்கியம் என்கிறது மருத்துவம்.

இந்தியா உள்பட 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்ட 'பியூர்' ஆய்வு 2015-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. கைப்பிடி பலம் 5 கிலோ குறைவாக இருந்தால், மரண அபாயம் 16 சதவீதம் அதிகமாக இருந்தது அதில் தெரிய வந்தது. கையை மட்டும் பலப்படுத்தினால் ஆயுள் கூடிவிடும் என்று இதற்குப் பொருளல்ல. உடம்பு முழுவதும் எப்படி இருக்கிறது என்பதற்குக் கைப்பிடி ஒரு அடையாளம்.

ஆசிய நாடுகளின் மருத்துவ வல்லுநர் குழு 2019-ல் வெளியிட்ட வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே கைப்பிடி இறங்கினால் அது பலக் குறைவு. இதை அளக்கும் கைப்பிடி மீட்டர் பிசியோதெரபி மையங்களில் இருக்கும்.

மீட்டர் இல்லையா? நாற்காலி போதும். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் காலில் கவனம் தேவை என்கிறது அதே குழு. பெரியவர்கள் செய்யும்போது நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம்.

தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் நடப்பவர்கள் 'நடக்கிறோமே, போதாதா' என்பார்கள். நடை நல்லதுதான். ஆனால் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வாரத்தில் குறைந்தது 2 நாள் வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது.

வாங்கும் முன் யோசிங்க!

ஸ்மார்ட் கருவி வாங்க நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

* வாடகை வீடா? சுவரில் மாட்டும் கருவிக்கு ஓட்டை போட வேண்டும். வீட்டு ஓனர் சம்மதிப்பாரா?

* கரண்ட் போனால் மோட்டார் கருவியில் இழுவையே இருக்காது. இன்வெர்ட்டரில் ஓடுமா?

* மாதச் சந்தா உண்டா? கட்டாவிட்டால் எந்தெந்த வசதி நிற்கும்?

* பழைய கணக்கை வேறு செல்போனுக்கு மாற்ற முடியுமா? முடியாது என்றால் நோட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.

* பழுது பார்க்க மதுரைக்கு ஆள் வருவாரா?

ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதிக எடை தொடக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று கருவி சொன்னாலும் நிறுத்தி விட வேண்டும்.

எண்ணை ஏற்றுவதற்காக முதுகை வளைத்து அடிபட்டுக்கொண்டால் மூன்று மாத உழைப்பு மூன்று வினாடியில் போய்விடும். ஒரே பயிற்சி, ஒரே முறை, ஒரே கருவி, மாதம் ஒரு சோதனை. இதுதான் சரியான கணக்கு.

மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லுக்கு கரண்டும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஆனால் அதுவும் ஸ்மார்ட் கருவியும் கேட்பது ஒரே கேள்விதான்: "போன தடவையை விட இந்தத் தடவை எவ்வளவு?"