இயற்கை ஒளியில் பதின்ம வயதினர் உருவப்படம்

இயற்கை ஒளியில் பதின்ம வயதினர் உருவப்படம் என்பது, ஏறத்தாழ 13 முதல் 19 வயது வரையுள்ளோரை விளக்குகளோ ஃபிளாஷ் ஒளியோ இன்றி, திறந்த வெளியில் கிடைக்கும் பகல் ஒளியில் எடுக்கும் ஒளிப்படம் ஆகும். இவ்வகைப் படத்தில் ஒளிப்படக் கலைஞர் ஒளியை உருவாக்குவதில்லை. இடத்தையும் நேரத்தையும் தேர்வதன் வாயிலாக ஒளியைத் தேர்ந்தெடுக்கிறார். ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களை இவ்வாறு படமெடுப்பது ஒரு வழமையாகவும் தனித் தொழிலாகவும் உள்ளது. அங்கு இப்படங்கள் பெரும்பாலும் இறுதியாண்டு தொடங்குவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் எடுக்கப்படுகின்றன.

வரலாறு

ஒளிப்படவியலின் தொடக்க காலத்தில் உருவப்படங்களுக்குக் கதிரவனை விட்டால் வேறு வழியில்லை. இசுக்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் ஆகிய இருவரும் 1843 முதல் 1847 வரை திறந்த வெளியில் பல உருவப்படங்களை எடுத்தனர். அறைக்குள் எடுத்தது போலத் தோன்றுவதற்காக மேசை நாற்காலிகளை வெளியே கொண்டுவந்து போட்டனர். அருகிலிருந்த நியூஹேவன் மீனவச் சிற்றூரின் சிறுவர்களும் அவர்களது படங்களில் உள்ளனர்.

பிற்காலத்தில் பதின்ம வயதினர் படங்களுக்காக மிகவும் அறியப்பட்டவர் நெதர்லாந்தின் ரினெக்கே டைக்ஸ்ட்ரா. 1992இல் தொடங்கிய இவரது கடற்கரைப் படவரிசையில் இளையோர் நீச்சலுடையில் கடலைப் பின்னணியாகக் கொண்டு தனித்து நிற்கின்றனர். எனினும் அவர் பகல் ஒளியுடன் ஃபிளாஷ் ஒளியையும் சேர்த்தே பயன்படுத்தியதால், அவை முழுமையான இயற்கை ஒளிப் படங்கள் அல்ல. தமிழ்த் திரைப்படத்தில் இயற்கை ஒளிக்குப் பெயர்பெற்ற பாலு மகேந்திரா, வளரிளம் சிறுவர்களைப் பற்றிய அழியாத கோலங்கள் (1979) படத்தை இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார்.

கதிரவ ஒளியும் முகமும்

பூமியிலிருந்து நோக்கும்போது கதிரவன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அளவே தெரிகிறது. ஒளிமூலம் சிறிதாகத் தோன்றினால் நிழலின் விளிம்பு கூர்மையாக அமையும். ஆகவே நேரடி வெயிலில் நிற்பவரின் முகத்தில் மூக்கின் நிழல் வெட்டினாற்போல் விழுகிறது. நண்பகலில் கண்குழிகள் இருண்டுவிடுகின்றன. விழியில் ஒளிப்புள்ளி தோன்றாததால் பார்வை உயிரற்றுக் காணப்படும். மேகம் சூழ்ந்த நாளில் வானம் முழுவதுமே ஒளிமூலமாகிவிடுவதால் நிழல்கள் மென்மையாகின்றன.

பக்கவாட்டிலிருந்து வரும் கடுமையான ஒளி, தோலின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் ஒரு நிழலைத் தருகிறது. முகப்பரு மிகுந்திருக்கும் வயதில் இது படத்தில் இருப்பவரை வெகுவாகப் புண்படுத்தக் கூடும். முன்புறமிருந்து வரும் மென்மையான ஒளியில் அதே பரு சிறிய நிறவேறுபாடாக மட்டுமே தெரியும். பின்னர் கணினியில் செய்யும் திருத்தத்தை விட இது எளிது. முகமும் அவருடைய முகமாகவே இருக்கும்.

இதற்கு ஏற்ற இடம் திறந்த நிழல் எனப்படும். தலைக்கு மேல் வெயில் படாமல், எதிரே வானம் திறந்திருக்கும் இடமே அது. பள்ளித் தாழ்வாரத்தின் விளிம்பில் வெளிப்புறம் நோக்கி நிற்கும் மாணவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இலைகளின் இடைவெளி வழியே வெயில் புள்ளிபுள்ளியாக விழும் மரத்தடி இதில் சேராது. நண்பகல் வெயிலின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின். நிழலில் அது 7000 கெல்வினைத் தாண்டுவதால் படம் நீலம் பாரித்திருக்கும். இதைக் கருவியின் வெண்சமநிலை அமைப்பில் சரிசெய்யலாம். வெயில் படும் புல்தரை தாடைக்கடியில் பச்சைச் சாயலை ஏற்றுவதைச் சரிசெய்வது அவ்வளவு எளிதன்று. படப்பிடிப்புகளில் பயன்படும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை மார்பளவில் பிடித்தால் முகத்தின் நிழல்கள் தளரும்.

பொன்னொளி நேரம்

கதிரவன் அடிவானத்துக்கு அருகிலிருக்கும் நேரத்து இளஞ்சிவப்பு கலந்த ஒளியை ஆங்கில நூல்கள் பொன்னான ஒரு மணி நேரம் எனப் போற்றுகின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதை அப்படியே நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. சம இரவு நாளில் அது 6 பாகை உயரத்திலிருந்து அடிவானத்தை அடையச் சென்னையில் சுமார் 25 நிமிடங்களும், எடின்பரோவில் சுமார் 43 நிமிடங்களும் ஆகின்றன. மேலும் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் சென்னையில் நண்பகல் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. இப்பகுதிகளில் திறந்த நிழலே நம்பத்தக்க துணை எனலாம்.

ஒளியளவும் தோல் நிறமும்

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 100 உணர்திறனுக்குத் துளை எண் 16, மூடுவேகம் 1/100 நொடி என்பது பழைய கைக்கணக்கு. திறந்த நிழலில் அதே மூடுவேகத்துக்குத் துளை எண் 4 தேவைப்படும். அதாவது ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே நிழலில் நிற்பவருக்குப் பின்னால் வெயில் படும் சுவர் இருந்தால் அது வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். பின்னணியும் நிழலிலேயே அமைவது நல்லது.

ஒளிமானி தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறம் எனக் கொண்டு அளவிடுகிறது. வெள்ளைச் சட்டை அணிந்த கருநிற மாணவரின் படத்தில் சட்டையின் வெண்மை அளவீட்டைத் தவறாக வழிநடத்த, முகம் இருளில் அமிழ்ந்துவிடுகிறது. பள்ளிக் குழுப் படத்தில் தம் முகத்தைத் தேடிக் காண இயலாமல் போன மாணவர் பலர். இது அவர்களது நிறத்தின் குறையன்று, அளவீட்டின் பிழையாகும். முகத்தை மட்டும் தனியே அளந்து, வெள்ளைச் சட்டை சற்றே வெளிறுவதை ஏற்றுக்கொள்வது ஒரு தீர்வு. எல்லோரையும் நிழலுக்கு நகர்த்தினால் சட்டைக்கும் முகத்துக்கும் மேலே கூரிய நிழல்கள் விழாமல் இரண்டிலும் விவரம் தெரியும்.

வண்ணப்படச்சுருள் காலத்தில் இச்சிக்கல் இன்னும் கடுமையாக இருந்தது. அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக் நிறுவனத்தின் ஷெர்லி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண்களே இடம்பெற்றிருந்தனர். பல இனத்தவரைக் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது.

வில்லையும் தொலைவும்

35 மி.மீ. வடிவக் கருவியில் 85 முதல் 135 மி.மீ. வரையிலான குவியத் தூரம் உருவப்படங்களுக்கு வழமையானது. மிக அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெரிதாகத் தோன்றும். கைபேசியில் தம்மைத் தாமே எடுத்துக்கொள்ளும் படங்களில் இதை நன்கு காணலாம்.

நம்பிக்கையும் இசைவும்

தம் தோற்றத்தைப் பற்றிய கூச்சம் இவ்வயதில் மிகுதி. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பவரிடம் சிரிக்கச் சொல்வது பெரும்பாலும் பயன்தருவதில்லை. மிதிவண்டி, பந்து, புத்தகம் என அவருக்குப் பழகிய ஒன்று கையிலிருந்தால் உடல் தானாகத் தளரும். எடுத்த சில படங்களை இடையிலேயே அவருக்குக் காட்டுவதும், பிடிக்காததை அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுவதும் உதவும்.

இத்துறையில் இசைவு பற்றிய விவாதங்களில் அடிக்கடி குறிப்பிடப்படுவது ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்த ஆப்கான் சிறுமியின் படமாகும். பாக்கித்தானின் நாசிர் பாக் அகதி முகாமில், பள்ளிக் கூடாரத்துக்குள் பரவிய பகல் ஒளியில் எடுக்கப்பட்ட அப்படம் நேஷனல் ஜியோகிராபிக் இதழின் 1985 ஜூன் அட்டையில் வெளிவந்தது. ஒளியின் மென்மைக்கு இன்றும் பாடமாகக் காட்டப்படும் அப்படத்திலிருந்த சிறுமிக்கு அப்போது 12 வயது அளவில் இருந்தது. சர்பத் குலா என்னும் அவரது பெயர் 2002இல் அவரைத் தேடிக் கண்டறிந்த பின்னரே உலகுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் அந்தப் படத்தைக் கண்டதில்லை.